பவளத்தைத் தின்பது யார்? ரீஃப் தொட்டிக்குப் புதியவர்களுக்கு ஒரு துப்பறியும் வழிகாட்டி

இரவு 2 மணி. கையில் டார்ச். வீட்டில் உயிர்ப் பவளம் வளர்க்கும் என் கடல்நீர்த் தொட்டியில், ஹேமர் பவளத்தின் ஒரு தலையில் பாதிச் சதை போய் வெள்ளைக் கூடு தெரிந்தது. அந்தக் கூட்டின் மேல் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பிரிஸ்ல் புழு ஊர்ந்துகொண்டிருந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே துள்ளல். அடுத்த மூன்று வாரமும் புழு வேட்டைதான். கண்ணி வைத்தேன், இடுக்கியால் இழுத்தேன், முப்பதுக்கு மேல் பிடித்தேன். விரலெல்லாம் முள் ஏறியதுதான் மிச்சம். ஹேமர் இன்னும் இரண்டு தலைகளை இழந்தது.

ஹேமரைக் கொன்றது ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருந்த கேலக்ஸியா பவளம். பகலில் பச்சை நட்சத்திரப் பூக்களாகச் சாதுவாக இருக்கும். விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழிந்தால் அதிலிருந்து கண்ணாடி நூல் மாதிரி நீண்ட கைகள் கிளம்பி, நீரோட்டத்தில் மிதந்துபோய், ஹேமரைத் தொட்டுத் தொட்டுச் சுடும். புழு வந்தது செத்த சதையைத் தின்ன. பிணத்தின் பக்கத்தில் நின்றவனைத் தூக்கில் போட்டிருக்கிறேன்.

புதிதாகத் தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் அனுப்பும் படங்களில் பத்தில் எட்டு இதே கதை. படத்தில் ஒரு ஜந்துவை வட்டமிட்டு, "இதுதானே தின்கிறது?" என்பார்கள். எனவே இந்த வழிகாட்டியை ஜந்துக்களிலிருந்து தொடங்கப்போவதில்லை. முதலில் காயம், பிறகு தண்ணீர், பிறகு அக்கம்பக்கம். ஜந்துக்கள் அதற்கும் பிறகுதான்.

முதலில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

ஏதோ சரியில்லை என்று தெரிந்ததும் மருந்து ஊற்றுவது, விளக்கைக் குறைப்பது, பவளத்தை இடம் மாற்றுவது, பாதித் தண்ணீரை மாற்றுவது எல்லாவற்றையும் ஒரே மாலையில் செய்துவிடுவோம். மறுநாள் பவளம் தேறினால் எது தேற்றியது என்று தெரியாது. மோசமானால் எது கெடுத்தது என்றும் தெரியாது.

அன்று செய்ய வேண்டியது இரண்டே வேலை. ஒன்று, ஒரே கோணத்தில், வெள்ளை விளக்கில், போனில் படம் எடுங்கள். நீல விளக்கில் எடுத்த படத்தில் வெளுப்பும் தெரியாது, பழுப்பும் தெரியாது. இரண்டு, கடந்த ஒரு மாதத்தில் தொட்டியில் என்ன மாறியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். புது மீன், புது விளக்கு, புது உப்பு, ஊருக்குப் போன நாட்கள், வீட்டில் பெயிண்ட் அடித்தது என்று எல்லாமே. இந்தத் தாளிலேயே பாதி வழக்கு முடிந்துவிடும்.

காத்திருக்கக் கூடாத நிலைமைகள் மூன்று உண்டு. தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிட்டது, மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்குகின்றன, பவளத்தின் மேல் பழுப்பு நிறத்தில் கூழ் படிந்திருக்கிறது. இந்த மூன்றில் எது இருந்தாலும் உடனே இறங்க வேண்டும். கூழைப் பற்றிக் கீழே தனியாக.

எத்தனை பவளம், எந்தப் பவளம்?

காயத்தைப் பார்ப்பதற்கு முன் தொட்டியிலிருந்து நாலடி தள்ளி நின்று எண்ணுங்கள்.

தொட்டி முழுக்க, வகை வித்தியாசமில்லாமல் பல பவளங்கள் ஒரே வாரத்தில் சுருங்கியிருந்தால் பூச்சியைத் தேட வேண்டாம். அது தண்ணீர், வெப்பம், விளக்கு, விஷம் இந்த நான்கில் ஒன்று. எந்தப் பூச்சியும் ஒரே இரவில் தோல் பவளத்தையும் அக்ரோபோரா என்ற கிளைப் பவளத்தையும் காளான் பவளத்தையும் சேர்த்துத் தின்னாது.

ஒரே ஒரு பவளம் மட்டும், அதிலும் ஒரு பக்கம் மட்டும் என்றால் பக்கத்து வீட்டுக்காரரைச் சந்தேகியுங்கள்.

தொட்டியின் வெவ்வேறு மூலைகளில் இருக்கும் ஒரே வகை மட்டும் தேய்ந்துகொண்டே போகிறது, பக்கத்தில் இருக்கும் மற்ற வகைகள் செழிப்பாக இருக்கின்றன என்றால் அப்போதுதான் பூச்சி. பவளம் தின்னும் பூச்சிகளில் பெரும்பாலானவை ஒரே சாப்பாட்டை விடாதவை. மான்டிபோரா என்ற கற்பவளத்தைத் தின்பது மான்டிபோராவைத்தான் தின்னும்.

காயத்தைப் படிப்பது

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துக்கொள்வோம். வெளுத்த பவளம் வேறு, செத்த பவளம் வேறு. பவளத்தின் சதைக்குள் குடியிருக்கும் சூசாந்தெல்லே என்ற நுண்பாசிதான் அதற்கு உணவு சமைத்துக் கொடுக்கிறது, பழுப்பு நிறத்தின் பெரும்பங்கும் அதனுடையதே. வெப்பமோ வெளிச்சமோ அளவு மீறினால் பவளம் அந்தப் பாசியை வெளியே துரத்திவிடும். அப்போது சதை கண்ணாடியாகி, அடியில் உள்ள வெள்ளைக் கூடு தெரியும். உற்றுப் பார்த்தால் சதை இருக்கும், பாலிப்கள் (பவளத்தின் வாயும் கைகளும் உள்ள சிறு பூக்கள்) அசையும். இது பட்டினி கிடக்கும் பவளம், பிழைக்க வழி உண்டு. சதையே இல்லாமல் கூடு மட்டும் நின்றால் அந்த இடம் போனது போனதுதான். நகக்கண் அளவு இடத்தை உருப்பெருக்கிப் பாருங்கள், போன் கேமராவே போதும்.

காயத்துக்கு வயதும் உண்டு. பளிச்சென்ற பால் வெள்ளை என்றால் நேற்றோ முன்தினமோ நடந்தது. பச்சைப் பாசி மெல்லப் படர்ந்திருந்தால் ஒரு வாரமாவது ஆகியிருக்கும். வெள்ளை, பச்சை, பழுப்பு என்று வரிசையாகப் பட்டைகள் தெரிந்தால் கொலை இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, வெள்ளைப் பக்கம்தான் முன்னேறும் முனை. தேட வேண்டியது அந்த முனையில்.

இனி வடிவம். கிளைப் பவளத்தில் நுனிகள் மட்டும் கருகி வெள்ளையாவது பெரும்பாலும் ஆல்கலினிட்டி (பவளம் கூடு கட்டத் தேவையான கார்பனேட்டின் அளவு) விவகாரம். அது வேகமாக ஏறியிருக்கும், அல்லது உயர்ந்த ஆல்கலினிட்டியோடு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுத்தமாக இல்லாமல் போயிருக்கும். அடியிலிருந்து மெல்ல மேலேறும் வெள்ளைக்குக் காரணங்கள் பல: நீரோட்டக் குறைவு, நிலையற்ற தண்ணீர், அடிப்பாகத்தில் ஒளிந்திருக்கும் நத்தை அல்லது புழு. சில மணி நேரத்தில் சதை மொத்தமும் தோல் உரிவது போல் உரிந்து விழுந்தால் அது வேகச் சதையிழப்பு. மிஞ்சிய நல்ல கிளைகளை உடனே வெட்டித் தனியே வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. அக்ரோபோராவின் கிளைகளில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் வட்ட வட்டமாக வெளிறிய புள்ளிகள் தெரிந்தால் தட்டைப்புழுவின் கடித்தடம். மான்டிபோராவின் விளிம்பில் அல்லது அடிப்புறத்தில் எலி கொறித்த மாதிரி ஒழுங்கற்ற வெள்ளை தெரிந்தால் நுடிபிராங்க் என்ற ஓடில்லாத கடல் நத்தை. மேல்பக்கம் மட்டும் வெளுத்து நிழல்பக்கம் நிறத்தோடு இருந்தால் விளக்கு.

சதை இழப்பே இல்லை, ஆனால் வாரக்கணக்கில் விரியவில்லை என்பது இன்னொரு வகை. இதில் தின்கிறவரைவிடத் தொந்தரவு செய்கிறவரைத் தேட வேண்டும்.

தண்ணீரை விசாரிப்பது

இதைத்தான் எல்லோரும் "பார்த்துவிட்டேன், எல்லாம் நார்மல்" என்று தாண்டிப் போகிறார்கள். எண்ணைச் சொல்லுங்கள் என்றால் சொல்ல மாட்டார்கள். நார்மல் என்பது எண் கிடையாது.

உப்பிலிருந்து தொடங்குங்கள். ஆயிரத்துக்கு 35 பங்கு, அடர்த்தியில் சொன்னால் 1.025 முதல் 1.026. உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 அளவுள்ள நியமக் கரைசலை வைத்துச் சரிசெய்யுங்கள். சுத்த நீரில் பூஜ்ஜியம் காட்டும் கருவி, உப்பு நீரில் இரண்டு மூன்று தள்ளிக் காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். உப்பு தவறாக இருந்தால் கால்சியம், மக்னீசியம், ஆல்கலினிட்டி எல்லாமே அதோடு சேர்ந்து தவறாக வரும்.

அடுத்து வெப்பம். நான் இருப்பது சிங்கப்பூரில் ஓர் அடுக்குமாடி வீட்டில். மதியம் வீட்டுக்குள்ளேயே 31 டிகிரி இருக்கும், தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் பவளம் வளர்ப்பது நடக்காது. 24க்கும் 27க்கும் இடையில் எந்த எண்ணிலும் பவளம் வாழும், ஆனால் அந்த எண் ஆடக் கூடாது. மாலை வேலை முடிந்து வந்து பார்க்கும்போது 26 காட்டும் தொட்டி, மதியம் 3 மணிக்கு 30ஐத் தொட்டிருக்கலாம். உச்சமும் தாழ்வும் பதியும் மலிவான தெர்மாமீட்டர் ஒன்றை 24 மணி நேரம் போட்டு வையுங்கள். சில்லரின் வடிகட்டியில் தூசி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆல்கலினிட்டியை ஒரு நாள் மட்டும் அளப்பதில் பயனில்லை. நான்கு நாள், ஒரே நேரத்தில் அளந்து எழுதுங்கள். இயற்கைக் கடல்நீரில் இது ஏறக்குறைய 7 டிகேஎச் (ஆல்கலினிட்டியின் அலகு). வீட்டுத் தொட்டியில் 8, 9 என்று வைத்திருப்பார்கள். 7.5இல் நிலையாக நிற்கும் தொட்டி, 8க்கும் 10க்கும் இடையில் ஊஞ்சலாடும் தொட்டியைவிட எவ்வளவோ மேல். ஒரு நாளில் 1 டிகேஎச்சுக்கு மேல் ஆடினால் குற்றவாளி கிடைத்துவிட்டார் என்றே வைத்துக்கொள்ளலாம். கால்சியம் 400 முதல் 450 பிபிஎம் (பத்து லட்சத்துக்கு இத்தனை பங்கு), மக்னீசியம் 1250 முதல் 1350 என்று இருந்தால் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை.

நைட்ரேட், பாஸ்பேட் விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. பூஜ்ஜியம் என்றால் சுத்தம் என்று பெருமையாகச் சொல்வார்கள். பவளத்துக்கு அது பட்டினி. நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம் வரையும், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரையும் இருக்கட்டும். இரண்டும் பூஜ்ஜியத்துக்குப் போன தொட்டிகளில்தான் பழுப்புச் சளி மாதிரி, குமிழிகளோடு டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிரின் படலம் கிளம்புகிறது. அது பவளத்தைப் போர்த்தி மூச்சடைக்கும். பாஸ்பேட் உறிஞ்சியை அள்ளிப் போட்ட மறுவாரம் பவளங்கள் வெளிறினால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

டெஸ்ட் கிட் காட்டாத விஷங்களும் உண்டு. நீரோட்டம் தரும் பவர்ஹெட் பம்ப்பின் காந்தத்தில் உறை வெடித்துத் துரு கசிகிறதா, தொட்டிக்குள் கிளிப்போ ஹோஸ் வளையமோ விழுந்து கிடக்கிறதா என்று பாருங்கள். குழாய் நீரை நேரடியாகச் சேர்க்கிறீர்களா? சிங்கப்பூர்க் குழாய் நீரில் குளோரமைன் இருக்கிறது, அது குளோரின் போலத் திறந்து வைத்தால் பறந்துவிடாது. குழாய் நீரைச் சுத்தமாக்கும் ஆர்ஓ டிஐ வடிகட்டியின் கடைசி நீர், கரைந்த பொருட்களை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 0 காட்ட வேண்டும். மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்து யாராவது செம்பு மருந்து ஊற்றியிருந்தால், பவளத்துக்கும் இறாலுக்கும் அது எமன்.

இன்னொன்று எங்கள் பகுதியில் நேரில் பார்த்தது. டெங்கிக் கொசுவுக்காகப் புகையடித்த மறுநாள் ஒரு நண்பரின் தொட்டியில் இறால்கள் வரிசையாகச் செத்தன, பவளங்கள் மூடிக்கொண்டன. கொசு மருந்துகளில் உள்ள பைரித்ராய்டு வகை நீர்வாழ் உயிர்களுக்குக் கடும் விஷம். நுரையால் கழிவை நீக்கும் ஸ்கிம்மர் கருவி நாள் முழுக்க அறைக் காற்றை உறிஞ்சித் தண்ணீரோடு கலக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். இறாலும் நண்டும் முதலில் சாக, பவளம் பின்னால் சுருங்கினால் பூச்சி மருந்தைச் சந்தேகியுங்கள். புகையடிக்கும் நாளில் ஸ்கிம்மரை நிறுத்துங்கள், தொட்டியை மூடுங்கள், ஆக்டிவேட்டட் கார்பனைப் போடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்

பவளங்கள் அசையாமல் சண்டை போடும். கேலக்ஸியாவின் துடைப்பக் கைகள் ஒரு சாண் நீளம் எட்டும். ஹேமர், டார்ச், ஃப்ராக்ஸ்பான் ஆகிய பவளங்களுக்கும் இதே ஆயுதம் உண்டு. ஹேமரும் ஃப்ராக்ஸ்பானும் உரசிக்கொண்டே ஒத்துப்போகும். டார்ச்சை அவற்றின் பக்கத்தில் வைத்தால் சுட்டுவிடும். மூன்றும் ஒரே குடும்பம் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். ஆனால் 2017இல் ஆய்வாளர்கள் ஹேமரையும் ஃப்ராக்ஸ்பானையும் பிரித்து ஃபிம்ப்ரியாஃபிலியா என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். டார்ச் பழைய யூஃபிலியாவிலேயே இருக்கிறது. ஆக, நம் தொட்டியில் பார்த்த சண்டைக்கு ஓர் அர்த்தம் இருக்கத்தான் செய்கிறது.

சோதிப்பது எளிது. விளக்கு அணைந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, பக்கவாட்டிலிருந்து டார்ச் விளக்கு அடித்துப் பாருங்கள். நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் நூல்கள் மிதக்கும். காயம் அந்தத் திசையைப் பார்த்து இருந்தால் விசாரணை முடிந்தது. ஒரு சாணுக்கு மேல் இடைவெளி விடுங்கள், அல்லது பவர்ஹெட்டின் திசையைத் திருப்புங்கள்.

தோல் பவளம், சினுலேரியா போன்ற மென்பவளங்கள் தொடாமலேயே தாக்கும். டெர்பீன் என்ற வேதிப்பொருட்களைத் தண்ணீரில் விடும், அதனால் தொட்டியின் மறுகோடியில் உள்ள கற்பவளம் சுணங்கும். கார்பனைப் போட்ட நாலைந்து நாளில் கற்பவளங்கள் விரிந்தால் இதுதான் காரணம்.

ஐப்டாசியா என்ற சிறு அனிமோனும் பக்கத்துப் பவளத்தைச் சுடும். அதை நசுக்காதீர்கள், கிள்ளிய துணுக்கு ஒவ்வொன்றும் புதிதாக முளைக்கும். கல்லில் ஒட்டிய குழாய் நத்தைகள் சிலந்தி வலை மாதிரி சளி நூல் வீசும். அது பட்ட பவளம் விரியாமலே கிடக்கும். குழாயின் வாயைச் சூப்பர் குளூ ஜெல்லால் அடைத்துவிட்டால் போதும்.

இரவுக் காவல்

தண்ணீரும் அக்கம்பக்கமும் நிரபராதி என்றால் இனி ஜந்து வேட்டை.

சிவப்பு செலோஃபேன் தாளை டார்ச்சின் வாயில் ஒட்டுங்கள். கடல் உயிர்கள் பலவற்றுக்குச் சிவப்பு ஒளி சரியாக உறைக்காது, வெள்ளை ஒளி பட்டால் நொடியில் பதுங்கும். விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை, அதிகாலையில் விளக்கு எரிவதற்கு முன் ஒரு முறை பாருங்கள். கல்லின் மேற்பரப்பைப் பார்த்துப் பயனில்லை, காயத்தின் வெள்ளை முனையையும் அடிப்பாகத்தையும் பாருங்கள்.

இதைவிடப் பலன் தருவது ஊதிப் பார்ப்பது. டர்க்கி பேஸ்டரால் (ரப்பர் குமிழ் வைத்த பெரிய சொட்டுக்குழாய்) சந்தேகத்துக்குரிய பவளத்தின் மேல் வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். முடிந்தால் பவளத்தை எடுத்துத் தொட்டி நீர் நிரம்பிய வெள்ளைக் கிண்ணத்தில் வைத்துப் பீய்ச்சுங்கள். கிண்ணத்தின் அடியில் விழுவதை லென்ஸில் பாருங்கள். பவளத்தின் மேல் கண்ணுக்கே தெரியாத தட்டைப்புழு, வெள்ளைக் கிண்ணத்தில் நெளிவது நன்றாகத் தெரியும். தின்னும் பவளத்தின் நிறத்திலேயே இருப்பதால்தான் அதன் மேல் அது புலப்படுவதில்லை.

யாரைத் தேடுவது என்பது பவளத்தின் வகையைப் பொறுத்தது.

அக்ரோபோரா என்றால் முதலில் ப்ராஸ்தியோஸ்டோமம் அக்ரோபோரே என்ற தட்டைப்புழு. அறிவியலுக்கு இது முறையாக அறிமுகமானதே 2011இல்தான். அதற்கு முன்பே வளர்ப்பவர்கள் அதனிடம் நொந்து நூலாகியிருந்தார்கள். இதன் முட்டைகள் செத்த கிளையின் அடியில் பழுப்புப் புள்ளிக் கூட்டமாக ஒட்டியிருக்கும். அடுத்தது சிவப்புப் பூச்சி. அரை மில்லிமீட்டர்தான் இருக்கும், மஞ்சள் உடம்பில் சிவப்புப் புள்ளி. இது ஏறிய பவளத்தின் நிறம் மங்கும், பாலிப் வெளிவராது. நாய்க்குக் கொடுக்கும் மில்பிமைசின் மாத்திரை இதைக் கொல்லும் என்பார்கள். கொல்லும்தான், கூடவே தொட்டியில் உள்ள இறாலையும் நண்டையும் கொல்லும். மூன்றாவது ட்ருபெல்லா நத்தை. பகலில் அடியில் பதுங்கி இரவில் மேயும். கையால் பொறுக்கி எறிந்தால் முடிந்தது.

மான்டிபோரா என்றால் அரிசி முனை அளவுக்கு, இறகு முளைத்த மாதிரி இருக்கும் வெள்ளை நுடிபிராங்க். இதற்கு ஃபெஸ்டில்லா சப்ஒடியோசா என்று பெயர் சூட்டி 2020இல் விவரித்தார்கள். தொட்டி வணிகத்தின் வழியாகவே அறியப்பட்ட தொல்லை இது. பவளத்தின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், வெள்ளை முட்டைத் திட்டுகள் அங்கேதான் இருக்கும்.

சோவாந்தஸ் (சுருக்கமாகச் சோவா, கூட்டமாக வளரும் பொத்தான் பாலிப்கள்) என்றால் அதைத் தின்னும் வேறொரு நுடிபிராங்க். தின்ற சோவாவின் நிறத்தையே பூசிக்கொள்ளும், நீல விளக்கில் சில சமயம் அதுவும் சேர்ந்து மின்னும். நான் முதல் முறை பார்த்தபோது சோவா நடக்கிறது என்றே நினைத்தேன். இன்னொரு எதிரி கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட, சுழல் படிக்கட்டு மாதிரி அழகான ஹீலியாக்கஸ் நத்தை. அழகுக்காகக் கடையிலிருந்து வாங்கி வந்தவர்களும் உண்டு.

அநியாயமாகத் தூக்கில் போடப்படுகிறவர்கள்

பிரிஸ்ல் புழு துப்புரவுத் தொழிலாளி. மிஞ்சிய தீனி, செத்த சதை, மீன் கழிவு இவைதான் அதன் சாப்பாடு. உண்மையில் பவளம் தின்னும் தீப்புழு ஒன்று உண்டு. ஆனால் அந்த ஹெர்மோடிசே அட்லாண்டிக்கிலும் மத்தியதரைக் கடலிலும் வாழ்வது. ஆசியக் கடைகளுக்கு வரும் இந்தோனேசிய, ஆஸ்திரேலியக் கற்களில் அதை எதிர்பார்க்க வேண்டியதில்லை. பிரிஸ்ல் புழுக்கள் கூட்டம் கூட்டமாகப் பெருகினால் தீனி அதிகம் போடுகிறீர்கள் என்று அர்த்தம், அவ்வளவுதான்.

கண்ணாடியில் ஊரும் நகக்கண் அளவு ஆஸ்டெரினா நட்சத்திர மீன்களில் பெரும்பாலானவை பாசிதான் தின்கின்றன. சில சோவாவின் மேல் ஏறிக்கொண்டு இறங்க மறுக்கும். அவற்றை மட்டும் எடுங்கள். கண்ணாடியில் துள்ளும் வெள்ளைத் துகள்கள் கோப்பிபாட், மீனுக்கு நல்ல சாப்பாடு.

போசிலோபோரா என்ற கிளைப் பவளத்துக்குள் உட்கார்ந்திருக்கும் மழமழப்பான சிறு நண்டு ட்ரபேசியா, அக்ரோபோராவுக்குள் என்றால் அதன் உறவினன் டெட்ராலியா. கடலில் முள்முடி நட்சத்திர மீன் பவளத்தைத் தின்ன வந்தால் கிள்ளித் துரத்தும் காவல்காரன். வாடகைக்குப் பதில் காவல். அதை எடுத்தெறிந்துவிட்டுப் பிறகு தட்டைப்புழு வந்தது என்று அழுபவர்கள் உண்டு. உடம்பெல்லாம் ரோமமும் கறுத்த இடுக்கி நுனியுமாக, கல் பொந்திலிருந்து வெளிவரும் நண்டு வேறு. அதை நம்ப வேண்டாம், கண்ணி வைத்துப் பிடியுங்கள்.

பகல் கொள்ளையர்

மீன்களை மறந்துவிடுகிறோம். நாம் தொட்டியின் முன்னால் போய் நின்றதும் தீனி வருகிறது என்று எல்லாம் மேலே ஓடி வந்துவிடும், எவரும் பவளத்தைக் கடித்துக்கொண்டிருக்க மாட்டார். போனை ஸ்டாண்டில் வைத்து, வீடியோவை ஓடவிட்டு, அறையை விட்டு வெளியேறுங்கள். ஒரு மணி நேரம் போதும்.

ஃபிளேம் ஏஞ்சல், கோரல் பியூட்டி போன்ற குட்டி ஏஞ்சல் மீன்கள் ஆறு மாதம் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு ஒரு நாள் பிரெயின் பவளத்தைக் கொத்தத் தொடங்கும். பட்டாம்பூச்சி மீன்களில் பலவற்றுக்குப் பவளம்தான் உணவே. ஐப்டாசியா தின்னட்டும் என்று வாங்கும் காப்பர்பேண்ட் பட்டாம்பூச்சி மீனும் பெப்பர்மின்ட் இறாலும் ஐப்டாசியா தீர்ந்ததும் வேறு பக்கம் திரும்பலாம். பெப்பர்மின்ட் என்று சொல்லி ஒட்டக இறாலை விற்றுவிடுவதும் உண்டு. முதுகில் திமிலும், சிவப்பு வெள்ளைக் கோடுகளும், பெரிய கண்ணும் இருந்தால் அது பவளம் தின்னி. கிளீனர் இறால் பவளத்தைத் தின்னாது, ஆனால் நீங்கள் ஊட்டிய தீனியைப் பவளத்தின் வாய்க்குள் கைவிட்டு எடுக்கும். சதை கிழிவது அதில்தான். கோமாளி மீன் அனிமோன் கிடைக்காமல் டார்ச் பவளத்திலோ கோனியோபோரா பவளத்திலோ குடியேறினால் பவளம் உரசலிலேயே சுருங்கும். டர்போ நத்தை தின்னாது, தள்ளிவிடும். காலையில் பவளம் மணலில் கவிழ்ந்து கிடந்தால் பெரும்பாலும் அதன் வேலை. கடல் முள்ளெலி சில நேரம் சின்னப் பவளத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு ஊர்வலமே போகும்.

பழுப்புக் கூழ்

ஹேமர், டார்ச் வகைகளில் ஒரு தலை திடீரென்று கரைந்து, மூக்குச்சளி மாதிரி பழுப்புக் கூழ் தொங்கினால் ஆராய்ச்சி வேண்டாம். கூழை நுண்ணோக்கியில் வைத்தால் சிலியேட் எனும் ஒற்றைச் செல் உயிர்கள் கொதிப்பது மாதிரி ஓடும். கூழ் பட்ட இடமெல்லாம் தொற்றும். செய்ய வேண்டியது: பவர்ஹெட்டை நிறுத்துங்கள். சிறு குழாயால் கூழை உறிஞ்சி எடுங்கள், ஊதிக் கலைத்துவிடாதீர்கள். பவளத்தைத் தொட்டி நீரோடு கிண்ணத்துக்கு மாற்றுங்கள். கெட்ட தலையைக் கூட்டோடு வெட்டி எறியுங்கள். மிஞ்சியதை அயோடின் கலந்த நீரில் போத்தலில் சொல்லிய அளவுக்கு முக்கி எடுத்து, நீரோட்டம் நன்றாக உள்ள இடத்தில் தனியே வையுங்கள்.

உறுதி செய்துகொள்வது

குற்றவாளி யார் என்று ஊகித்தாயிற்று. அதை நிரூபிக்க ஒரு வழி, பவளத்தில் ஒரு துண்டை வெட்டி, அதே தண்ணீர் ஓடும் சம்ப் என்ற வடிகட்டித் தொட்டியிலோ, தொட்டிக்குள் தொங்கும் துளைப்பெட்டியிலோ விளக்கோடு வைப்பது. பெட்டிக்குள் இருப்பது தேறி, வெளியே இருப்பது தேய்ந்தால் தின்கிறவர் வெளியே நடமாடுகிறார். இரண்டும் தேய்ந்தால் தண்ணீர், அல்லது துண்டோடு சேர்ந்து பெட்டிக்குள் போன பூச்சி. இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும். அதுவரை வேறு எதையும் மாற்றாதீர்கள்.

பூச்சி என்று உறுதியானால் மருந்துக் குளியல். இதில் எல்லோரும் சறுக்கும் இடம், குளியல் பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது என்பது. முட்டையைக் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, ஐந்தாறு நாளுக்கு ஒரு முறை எனப் பல வாரம் முக்க வேண்டும். பவளம் ஒட்டியிருக்கும் பீங்கான் அடியையும் உடைத்தெறிந்து புதிதில் ஒட்டுங்கள், முட்டைகள் அதில்தான் ஒளிந்திருக்கும்.

கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். சோவாந்தஸ், பாலிதோவா வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அவை ஒட்டிய கல்லைக் கொதிநீரில் போட்டு அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் பல நாடுகளில் உண்டு. கல்லை ஒருபோதும் வேகவைக்க வேண்டாம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று. கற்பவளம், கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி, குழல் பவளம் இவை 2001இல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்த "உயிர்க்கல்" என்று யாராவது மலிவாக நீட்டினால் வாங்காதீர்கள். அதோடு வருவது பூச்சி மட்டுமாக இருக்காது, வழக்கும் வரும்.

புதுப் பவளம் எது வாங்கினாலும் ஒரு சின்னத் தொட்டியில் ஆறு வாரம் தனியே வைத்து, வாரம் ஒரு முறை அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பெரிய தொட்டிக்கு விடுகிறேன். 20 லிட்டர் கண்ணாடிப் பெட்டி, சின்ன பம்ப், கிளிப் விளக்கு, இவ்வளவுதான் செலவு. கேலக்ஸியா இப்போது அந்தப் பெட்டியிலேயே நிரந்தரக் குடியிருப்பு. ஹேமரில் மிஞ்சிய இரண்டு தலைகள் ஐந்தாகிவிட்டன. அதன் அடியில் இரவில் பிரிஸ்ல் புழுக்கள் வருகின்றன, போகின்றன. நான் இடுக்கியை எடுப்பதில்லை.